முப்பத்து நான்கு பூஜ்யங்கள்

அலுவலகத்தில் அவளுக்குத் தசமம் என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மேடம். அவள் தலை மறைந்ததும் தசமம். யாராவது ஓர் அறிக்கையில் ‘சுமார் மூன்று’ என்று எழுதிவிட்டால், அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, “சுமார்னா ரெண்டு புள்ளி ஆறா, மூணு புள்ளி நாலா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்குவாள். இப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கும் தெரியும். பொய்யாக ஒன்றும் வைக்கவில்லையே என்று விட்டுவிட்டாள்.

இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. மக்கள் அன்றாடம் தொடுகிற, குடிக்கிற, பூசிக்கொள்கிற பொருட்களில் இருக்கும் ரசாயனங்கள் துளித்துளியாக உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று மதிப்பிடுவது. ஒரே மடக்கில் ஆளைச் சாய்த்துவிடுகிற சமாசாரங்கள் அவள் மேசைக்கு வருவதில்லை. அவை பக்கத்து அறை. அந்த அறைக்காரர்கள் மாலை ஐந்து மணிக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். செத்தானா, பிழைத்தானா என்று அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. தசமத்துக்கு வருவதெல்லாம் இருபது வருடம் கழித்து, பத்தாயிரம் பேரில் யாரோ ஒருவருக்கு, ஒருவேளை, ஏதோ ஆகலாம் என்கிற வகை.

செய்முறை என்னவோ சொல்லக் கேட்டால் எளிதுதான். எலிகளுக்குப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்து, எந்த அளவு வரை அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எங்கோ ஓர் ஆய்வகம் எழுதியிருக்கும். அந்த அளவைப் பத்தால் வகுக்க வேண்டும், மனிதன் எலி இல்லை என்பதற்காக. மறுபடியும் பத்தால் வகுக்க வேண்டும், எல்லா மனிதர்களும் ஒரே மாதிரி இல்லை என்பதற்காக. கிடைப்பது வரம்பு. மக்கள் உடம்பில் சேர்வது அந்த வரம்புக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும்.

“அப்ப இருபத்தாறு வருஷமா நூறால வகுத்துக்கிட்டு இருக்க,” என்பார் கணவர். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். “பிரேக் பிடிக்குமா பிடிக்காதான்னு டிரைவர் கேட்டா, நான் நூறால வகுத்துச் சொல்றேன்னு சொல்ல முடியுமா?”

“உங்க பஸ்ஸுல எத்தனை பேரு ஏறுவாங்க?”

“நின்னுக்கிட்டு போறவங்களோட சேத்து எழுபது.”

“என் பஸ்ஸுல நாடே ஏறியிருக்கு. கொழந்த, கெழவி, நோயாளி எல்லாம். பேசாம சாப்பிடுங்க.”

வீட்டில் இப்படி என்றால், உறவினர் வீடுகளில் இன்னும் மோசம். உட்காருவதற்குள் யாராவது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மூக்குக்கு நேரே நீட்டி, “இது விஷமா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு” என்பார்கள். அவள் “எவ்வளவு, எத்தனை நாளைக்கு, யாருக்கு” என்று ஆரம்பிப்பாள். மூன்றாவது கேள்வி வருவதற்குள் டப்பா அலமாரிக்குத் திரும்பியிருக்கும். “படிச்சவங்க எல்லாம் இப்படித்தான், வழவழா கொழகொழா” என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடிப்பாள்.

அவளை மடக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் மடக்கியவள் அவள் தங்கைதான்.

தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் ‘சின்னது’. அம்மா தையல் ஆலைக்குப் போன வருடங்களில் சின்னதுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து ஊற்றிக் கொடுத்தது அக்காதான். மூடியில் கோடு போட்டிருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சொட்டு கூடினால் பாட்டிலில் திருப்பி ஊற்றி, குறைந்தால் சேர்த்து, குழந்தை அலறிக்கொண்டிருக்கும்போதே அளப்பாள். தசமம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அந்தச் சின்னது இப்போது ஒரு பெரிய பலசரக்குக் கடையில் கேஷியர். வயது முப்பத்தேழு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து முதல் முறையாக வயிற்றில் குழந்தை தங்கியிருக்கிறது. நான்காவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுச் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, போனை நீட்டினாள்.

“அக்கா, இந்த ரசீதுத் தாள் இருக்கே, அதுல விஷமாமே?”

“யாரு சொன்னா?”

“போன்ல வந்துச்சு. மண்டையோடு படம் போட்டு.”

“மண்டையோடு போட்டுட்டா உண்மையாயிடுமா?”

“அப்ப பொய்யா?”

“பொய்ன்னு நான் எங்கடி சொன்னேன்?”

“அக்கா! உன்கூட மனுஷி பேச முடியுமா? இருக்கா, இல்லையா?”

இருந்தது. அந்தத் தாளில் மை கிடையாது. பூச்சு ஒன்று இருக்கிறது, சூடு பட்டால் கறுக்கும். நகத்தால் கீறினாலே ஒரு கருங்கோடு விழும். எந்தக் கடைக்குப் போனாலும் ரசீதை வாங்கி நகத்தால் கீறிப் பார்ப்பது தசமத்தின் பழக்கம்; கணவர் அந்த நேரத்தில் அவளைத் தெரியாதவர்போல நான்கு அடி தள்ளி நிற்பார். அந்தப் பூச்சில் உள்ள ஒரு பொருள் விரல் வழியாக உடம்புக்குள் போகும். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது ஆகாது என்று எலி ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருந்தன. அதற்கான கோப்பு அவள் மேசையிலேயே இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை ரசீது தொடுவ?”

“முன்னூறு, நானூறு. விடுமுறை நாள்னா ஐந்நூறு.”

“கையில க்ரீம் பூசுவியா?”

“ஏசியில கை வெடிச்சுப் போகுது. பூசாம?”

க்ரீம் பூசிய கை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அக்கா அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

“சும்மா தொடைக்காத. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் இன்னும் அஞ்சு மாசம் வேலைக்குப் போலாமா, வேணாமா? விட்டா திரும்ப சேத்துக்க மாட்டாங்க. வாசல்ல இருபது பேரு நிக்கிறாங்க. ஆனா நீ போகாதன்னா நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். ஒன்பது வருஷம் அக்கா.”

“பாத்துச் சொல்றேன்.”

“இன்னும் என்ன பாக்கணும்? போன வருஷம் உங்க ஆளுங்கதானே எங்க கடைக்கு வந்து, டப்பா குடுத்து, சிறுநீர் புடிச்சுத் தரச் சொன்னாங்க? நானும் தந்தேன். ரிசல்ட் வரும்னு பாத்தேன். கிணத்துல போட்ட கல்லாட்டம் இருக்கு.”

அக்காவின் கை நின்றது. கோப்பில் நாற்பது கேஷியர்களின் அளவுகள் இருந்தன. நாற்பதில் ஒருத்தி தன் வீட்டு மேடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலையில் அந்தக் கோப்பைத் திறந்தாள். துறைத் தலைவருக்கு அது வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அவருக்கு எல்லாமே வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அதனால் அவர் பெயரே வெள்ளிக்கிழமை. சுருக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது: நாற்பது பேர், சராசரி லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம், இந்த வருடம் குறைக்கப்பட்ட புதிய வரம்பு 2, ஆகவே ஏற்கத்தக்கது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

ஒரு நிமிட வேலை. தங்கைக்குப் போன் செய்து, போடி, நிம்மதியாக வேலைக்குப் போ என்று சொல்லிவிடலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பழக்க தோஷத்தில் பின்னால் இருந்த அட்டவணையைப் புரட்டினாள். ஆறு பேருக்கு எண்கள் இருந்தன: 5.2, 11.4 என்று புள்ளி வைத்த ஒழுங்கான எண்கள். மீதி முப்பத்து நான்கு பேருக்கு வெறும் பூஜ்யம். புள்ளி இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. மொட்டைப் பூஜ்யம். ஒன்றின் கீழ் ஒன்றாக முப்பத்து நான்கு.

தினமும் நானூறு ரசீது தொடுகிறவள் உடம்பில் பூஜ்யமா?

மாடி இறங்கி ஆய்வகத்துக்குப் போனாள். ஆய்வகத்துக்காரர் காதில் பென்சில் செருகியபடி குடுவைகளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பூஜ்யமெல்லாம் என்ன?”

“அதுவா மேடம்? அந்தப் பழைய மிஷினுக்கு அஞ்சுக்குக் கீழ கண்ணு தெரியாது.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னு போடணும். பூஜ்யம்னு எப்படிப் போடலாம்? லாரிய நிறுத்தி எடை போடற மேடையில ஒரு மோதிரத்த வச்சுட்டு, முள்ளு அசையலங்கறதால மோதிரமே இல்லன்னு எழுதுவீங்களா? வரம்பே ரெண்டு! இவங்க எல்லாம் நாலு புள்ளி ஒன்பதா இருந்தா?”

“இருக்கலாம் மேடம்.”

“பின்ன?”

“கையேட்டுல அப்படித்தானே போட்டிருக்கு. அஞ்சுக்குக் கீழ இருந்தா பூஜ்யம்னு எடுத்துக்கணும். பக்கம் நாப்பத்தொண்ணு.”

“எந்த மடையன் எழுதினான் அந்தக் கையேட்ட?”

ஆய்வகத்துக்காரர் கூரையை ஒரு முறை பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒட்டுச்சீட்டு வேலையை மிகவும் கவனமாகத் தொடர்ந்தார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. தயாரித்தவர் என்ற இடத்தில் இருந்தது அவள் பெயர்.

நினைவு வந்தது. அப்போது வரம்பு ஐம்பது. ஐம்பதைத் தேடுகிற இடத்தில் நான்கோ மூன்றோ ஒரு பொருட்டே இல்லை. பூஜ்யம் என்று போட்டால் கணக்கு சுலபம். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு வரம்பு ஐம்பதிலிருந்து இருபதுக்கு வந்தது, எட்டுக்கு வந்தது, இப்போது இரண்டுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வரம்பைக் குறைக்கத் தலையால் தண்ணீர் குடித்தவள் அவள்தான். நாற்பத்தோராம் பக்கத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்காதவளும் அவள்தான்.

யார்மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் அவள் கையேட்டை மூடி வைத்தாள்.

“புது மிஷின் எங்க?”

“அங்க மூலையில. அது புள்ளி ஒண்ணு வரைக்கும் பாக்கும். போன வருஷத்து மாதிரிகளும் உறைநிலைப் பெட்டியில பத்திரமா இருக்கு. எழுதிக் குடுத்தீங்கன்னா அஞ்சு வாரத்துல ஓட்டிடலாம்.”

வெள்ளிக்கிழமை அவளைவிட ஆறு வயது சின்னவர். கெட்டவரும் அல்ல. மேசை காலியாக இருந்தால்தான் அவருக்கு மூச்சு வரும், அவ்வளவுதான்.

“அஞ்சு வாரமா? மேடம், நாப்பது பேரு, சராசரி ஒண்ணு புள்ளி ரெண்டு. படிவத்துல ரெண்டே கட்டம். ஏற்கத்தக்கது, ஏற்கத்தக்கதல்ல. ஒண்ணுல டிக் போடுங்க.”

“ரெண்டும் பொய் சார். இப்ப நமக்குத் தெரியாதுங்கறதுதான் உண்மை.”

“ஏற்கத்தக்கதுன்னா தாள் கம்பெனிக்கு சந்தோஷம். இல்லன்னா பத்திரிகைக்காரங்களுக்கு சந்தோஷம். தெரியாதுன்னா யாருக்கு மேடம் சந்தோஷம்?”

“எனக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொண்ணும் சார். அந்த நாப்பதுல என் தங்கச்சி ஒருத்தி. இத எழுத்துல குடுத்துடறேன். வேற யாராவது பாக்கட்டும்னா கோப்ப மாத்திடுங்க.”

“எந்த எண் மாதிரி அவங்களோடது?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா உங்களுக்கு என்ன சிக்கல்?”

“அதுதான் சார் சிக்கல்.”

கோப்பை வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை. அந்தப் பிரிவில் வகுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐந்து வாரம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அதற்குப் பதிலாக மூன்று பழைய கோப்புகளை அவள் தலையில் கட்டினார்.

அந்த ஐந்து வாரமும் சின்னது தினமும் போன் செய்தாள். “பாத்தியா?” என்று கேட்பாள். “இன்னும் இல்ல.” “க்ரீம விட்டுட்டேன். கை தோலு உரியுது.” “கடை கையுறை தராதா?” “கேட்டேன். கையுறை போட்டா உனக்கு ஏதோ நோய்ன்னு வாடிக்கையாளருங்க நினைப்பாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு.” இப்படியே போகும். கடைசியில் ஒரு பெருமூச்சு, டொக். போனை வைத்ததும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கைமேல் இல்லை. சூப்பர்வைசர்மேல், தாள்மேல், நாற்பத்தோராம் பக்கத்தின்மேல்.

முடிவு ஒரு புதன்கிழமை வந்தது. முப்பத்து நான்கு பூஜ்யங்களில் ஒன்பதுதான் உண்மையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தன. பதினொன்று இரண்டுக்குக் கீழே. பதினான்கு இரண்டுக்கு மேலே. ஏற்கெனவே தெரிந்த ஆறையும் சேர்த்தால், நாற்பதில் இருபது பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள். சராசரி 1.2 அல்ல, 2.7.

அவள் அட்டவணையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இறங்கினாள். இருபது மேலே, இருபது கீழே. இவற்றில் ஒன்று சின்னது. ஆய்வகத்துக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“மேடம், எண்ணுக்கும் பேருக்கும் உள்ள பட்டியல் என் பெட்டியிலதான் இருக்கு. பூட்டுச் சாவி என்கிட்டதான். ஒரு நிமிஷம் நான் வெளியில போயிட்டு வரேன், வேணும்னா.”

“மாதிரி குடுத்தவங்க பேர மதிப்பீட்டாளர் பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“இருக்கு மேடம். பக்கம் நாப்பத்திரெண்டு.”

“அதையும் நான்தானே எழுதினேன்?”

“ஆமா மேடம்.”

“சாவிய உள்ள வைங்க.” அந்தப் பக்கமாவது தப்பில்லாமல் இருக்கிறதே என்று அவளுக்கு ஓர் ஆறுதல். எரிச்சல் கலந்த ஆறுதல். நாற்பது பேர் நம்பிக் கொடுத்தது. முப்பத்தொன்பது பேருக்கு இல்லாத சாவி ஒருத்திக்கு மட்டும் எப்படி?

படிவத்தின் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, கீழே தன் கையால் எழுதினாள்: முந்தைய சராசரி தவறு, தவறுக்குக் காரணம் கையேட்டின் நாற்பத்தோராம் பக்கம், அதை எழுதியவர் கீழே கையெழுத்திட்டவர், நாற்பதில் இருபது பேர் வரம்பைத் தாண்டியுள்ளனர், கர்ப்பிணிகள் இந்தத் தாளைக் கையாளும் வேலையில் இருக்கக் கூடாது என்று இடைக்கால அறிவுரை தேவை, மாதிரி கொடுத்த நாற்பது பேருக்கும் அவரவர் அளவைத் தபாலில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை அதை மூன்று முறை படித்தார். “உங்க தப்ப நீங்களே எழுதிக் குடுக்கறத நான் இப்பத்தான் முதல் தடவை பாக்கறேன்,” என்றார். குழுவுக்கு அனுப்பினார். குழு கூடியது, நன்றி தெரிவித்தது, நாற்பது பேர் போதாது, நானூறு பேரிடம் எடுத்துவிட்டுப் பேசலாம் என்றது. தபாலில் அனுப்புவதற்கு ஒரு துணைக்குழு. ஒரு வருடம் ஆகும்.

அன்று மாலை அவளே தங்கைக்குப் போன் செய்தாள்.

“உனக்குன்னு என்னால சொல்ல முடியாது. பாதிப் பேருக்குக் கோட்டத் தாண்டியிருக்கு. தாண்டினா நோய் வரும்னு அர்த்தமில்ல. நூறால வகுத்த கோடு அது. தாண்டலன்னா வராதுன்னும் அர்த்தமில்ல...”

“அக்கா. போலாமா, வேணாமா?”

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவள் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

“வேலைக்குப் போ. தாளத் தொடாத.”

“ரசீத தொடாம கேஷியரா? மாமாகிட்ட சொல்லு, ஸ்பேனரத் தொடாம பஸ்ஸ ரிப்பேர் பண்ணச் சொல்லு.”

“குழு சொல்ல ஒரு வருஷம் ஆகும்டி.”

“எனக்கு நாலு மாசம்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சின்னது போனை வைத்தாள். இந்த முறை பெருமூச்சுகூட இல்லை.

பத்து நாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. பதினோராம் நாள் சனிக்கிழமை, தசமம் பொறுக்க முடியாமல் கடைக்கே போனாள். ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு தங்கையின் வரிசையில் நின்றாள். முன்னால் ஐந்து பேர். கல்லாவுக்குப் பின்னால் சின்னது வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரசீது வேணுமா சார்?”

“வேணாம்மா.”

“உங்களுக்கு?”

“அத வச்சு என்ன பண்ண? வேணாம்.”

ஐந்து பேரில் ஒரே ஒருவர்தான் கேட்டார். பொத்தானை அழுத்தினாள், தாள் எட்டிப் பார்த்தது, அவரே கிழித்துக்கொண்டார். பக்கத்துக் கல்லாக்களிலும் அதே கேள்வி. சுவரில் ஓர் அட்டை: ‘தாளைச் சேமிப்போம், மரத்தைக் காப்போம்.’ கீழே மேலாளரின் பெயர், பெரிய எழுத்தில்.

“இது எப்படி?” என்று சோப்பை நீட்டியபடி கேட்டாள் அக்கா.

“நாங்க ஆறு கேஷியரும் மேனேஜர்கிட்டப் போனோம். விஷம்னு வாயத் திறக்கல. திறந்தா, நிரூபிச்சியா, எத்தனை புள்ளி எத்தனைன்னு உன்ன மாதிரி ஆரம்பிச்சிடுவாரு. கேட்டவங்களுக்கு மட்டும் அடிச்சா பாதி ரோல் மிச்சம் சார்னு சொன்னோம். அன்னிக்கு சாயங்காலமே ரசீது மிஷினோட செட்டிங்க மாத்திட்டாங்க. நானூறு இப்ப நாப்பது. அதையும் அவங்கவங்களே கிழிச்சுக்கறாங்க.”

அக்கா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருடம், பதினான்கு வருடக் கையேடு, ஐந்து வாரம், ஒரு குழு, ஒரு துணைக்குழு. பாதி ரோல் மிச்சம்.

“உன்கிட்டக் கேட்டதாலதான் அக்கா தொடக்கூடாதுன்னே தெரிஞ்சது,” என்றாள் சின்னது, அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து. உடனே குரலை உயர்த்தி, “ரசீது வேணுமா மேடம்?”

“வேணும்.”

“எதுக்கு? ஒரு சோப்புக்கா?”

“புது ரோலு வேற பூச்சா இருக்கலாம். கீறிப் பாக்கணும்.”

“நாசமாப் போச்சு. நீயே கிழிச்சுக்கோ, நான் தொட மாட்டேன்.”

தசமம் தாளைக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மெதுவாகக் கீறினாள். கருங்கோடு விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். “அம்மா, சரியாத்தான் இருக்கும், கொஞ்சம் நகருங்க.”

“என்னக்கா?”

“அதேதான்,” என்றாள் அவள். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போனாள்.

“முதல்ல போய்க் கையக் கழுவு,” என்றாள் சின்னது, அடுத்தவரின் சாமானை இழுத்துக்கொண்டே. “குழாய் அந்தப் பக்கம் இருக்கு.”